கச்சான் காற்றுக்குப் பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம்

“திருகோணமலை வெயிலுக்குத் தாய்ப்பால் மட்டும் காணாது. பிறந்த பிள்ளைக்கும் கொதித்தாறிய தண்ணீர் பருக்குங்கள், இல்லாவிட்டால் உடம்பு வறண்டுவிடும்” என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தாய்ப்பாலில் 80 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் நாட்களிலும் முதல் 6 மாதத்துக்கு அது போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொல்வது இதைத்தான். புழுக்கத்தில் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும்; கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். தாகம் தாய்க்கும் எடுக்கும். பிள்ளைக்கென்று ஆறவைத்த தண்ணீரை அவர் குடிக்கட்டும்.

பிஞ்சு வயிறு மிகச் சிறியது. நாலு கரண்டித் தண்ணீரிலேயே அது நிரம்பினால் பிள்ளை பால் குடிக்காது. குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். சுத்தமில்லாத தண்ணீரென்றால் வயிற்றோட்டம் வரும். அளவு மிஞ்சினால் இரத்தத்தில் உப்பின் செறிவு இறங்கி வலிப்புக்கூட வரலாம். பால்மா குடிக்கும் பிள்ளைக்கும் இதே கதைதான்: பேணியில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்காதீர்கள்.

சரி, பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்? முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு 6 நாப்பியாவது நனைந்து, சிறுநீர் வெளிறி இருந்து, நிறையும் ஏறினால் போதுகிறது. பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், அல்லது காய்ச்சல் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. வைத்தியர் எழுதித் தரும் மருந்தும் ஜீவனியும் (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) வேறு விஷயம், அவற்றைக் கொடுக்கலாம்.

சந்தேகமிருந்தால் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ கேளுங்கள். அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அனுப்பியவர் பெரும்பாலும் அக்கறையுள்ள ஒரு பெரியம்மாவாக இருப்பார். கோபிக்காமல் இதைச் சொல்லுங்கள்.