நந்தி விலகின கோயில்

தூரமா போயிட்டோம்னு நெனைக்கிறவங்களையும் கடவுள் விடமாட்டார்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, படிச்சதும் எனக்கு திருப்புன்கூர் சிவன் கோயில்தான் ஞாபகம் வந்துச்சு. வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கிட்டக்கதான், ஆனா அங்க வர்ற பாதி பேர் இங்க எட்டிப்பாக்காமலே போயிடுறாங்க. நாயன்மார்ல ஒருத்தரான நந்தனார் ஆதனூர்க்காரர், கோயில் பேரிகைக்கு தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர், அவர் கொடுத்த தோல் உள்ள முழங்கும், சாதியக் காட்டி அவர் மட்டும் வாசலோட நிக்கணும், என்ன கொடுமைங்க இது, அந்த தூரத்தை போட்டது மனுஷங்கதானே. வெளிய நின்னு பாத்தா நந்தி மறைக்குது, அங்க இருக்கற சிவன் சிவலோகநாதரே சற்று விலகுன்னு நந்திகிட்ட சொன்னாராம். இன்னிக்கும் அங்க நந்தி சன்னிதிக்கு நேரா இல்லாம ஒரு பக்கமா தள்ளிதான் இருக்கு.

அப்பா போனதுக்கப்புறம் மூணு வருஷம் நான் எந்தக் கோயிலுக்கும் போகல, விளக்கு கூட ஏத்தல, அவ்ளோ கோவம். அம்மாவ கூட்டிட்டுப் போகணுமேன்னு ஒரு தடவ அங்க போனேன். உள்ள வரமாட்டேன்னு செருப்பு விடுற எடத்துலயே நின்னுட்டேன். சும்மா தலைய தூக்கிப் பாத்தா உள்ள கருவறை தீபம் நேரா கண்ணுல படுது, நடுவுல மறைக்க ஒண்ணுமே இல்ல. அப்படியே அழுதுட்டேங்க. அம்மா திரும்பி வந்து ஒண்ணும் கேக்கல, கைல இருந்த திருநீற எடுத்து என் நெத்தில பூசிவிட்டாங்க.