ரெகுலேட்டரை மட்டும் கழற்றாதே

பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், எங்கள் கூடத்து ஃபேன் ஒரு முனகலோடு நின்றுபோனது. பின்னாலேயே தீய்ந்த வாடை. எலக்ட்ரீசியன் தம்பி புது ஃபேன் பெட்டியோடு வந்து, கட்டில்மேல் ஸ்டூல் போட்டு ஏறினான். ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பேசுவது ஆச்சியின் வேலை. மூன்று றெக்கைகளையும் கழற்றித் தந்துவிட்டு, மோட்டாரைக் கொக்கியிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் அவன் ஏந்திய பிறகுதான் ஆச்சிக்குப் பேச்சு வந்தது.

தம்பி: ஆச்சி, யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். கனம் கையை இழுக்கிறது.

ஆச்சி: பொறு தம்பி. இறக்கத்தான் வேண்டுமா?

தம்பி: இறக்கிவிட்டேன் ஆச்சி. கையில்தான் இருக்கிறது.

ஆச்சி: இறக்கினால் என்ன, திரும்ப மாட்டத் தெரியாதா உனக்கு? 1979-ல் என் கல்யாணச் சீராக வந்தது. எனக்கு ஒரு நாள் முன்னாலேயே இந்த வீட்டுக்குள் நுழைந்தது. முறைப்படி பார்த்தால் அதுதான் மூத்தது.

தம்பி: மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, காயில், எரிந்துவிட்டது ஆச்சி.

ஆச்சி: போன தடவையும்தான் எரிந்தது. சுற்றிக் கொடுத்தாயே.

தம்பி: அது மூன்றாவது வைண்டிங். பேரிங் நான்கு தடவை மாற்றியாயிற்று. கண்டென்சருக்குக் கணக்கே இல்லை. றெக்கைகூட வேறு ஏதோ ஃபேனுடையது. அந்தக் காலத்துச் சாமான் என்று இதில் மிச்சம் இருப்பது, ராடுமேல் இருக்கும் இந்தக் கப்பு ஒன்றுதான்.

ஆச்சி: கப்பு நன்றாகத்தானே இருக்கிறது?

தம்பி: கப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் கப்பு காற்று தராதே ஆச்சி!

ஆச்சி: தாத்தா இருந்தவரைக்கும் இது நின்றதே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குடைக்கம்பால் றெக்கையை ஒரு தட்டுத் தட்டுவார். பிடித்துக்கொண்டு ஓடும். அவர் கைராசி.

தம்பி: அது கைராசி இல்லை, கண்டென்சர் போயிருந்தது. சுற்றத் தொடங்குவதற்கு அதுதான் தள்ளிவிட வேண்டும். அது செத்துப்போனால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். கையால் தள்ளினால் ஓடும். ஒரு சின்னச் சாமான், மாற்றிப் போட்டால் முடிந்தது.

ஆச்சி: ஒரு சின்னச் சாமானுக்காகவா பதினோரு வருஷம் குடையும் கையுமாக அலைந்தார் மனுஷன்?

தம்பி: ஆச்சி, கை நடுங்குகிறது.

(நான் ஸ்டூலை விட்டுவிட்டு மோட்டாரை வாங்கிக்கொண்டேன். ஸ்டூல் ஆடியது. தம்பி கொக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி தானே ஃபேனாக நின்றான்.)

ஆச்சி: சரி, புதியதைக் காட்டு. இதென்ன பெட்டிமேல் ஐந்து நட்சத்திரம்?

தம்பி: கரண்ட் எவ்வளவு கம்மியாக எடுக்கும் என்று ஒட்டுகிற ஸ்டிக்கர். 2023-லிருந்து ஃபேனுக்கும் இது கட்டாயம்.

ஆச்சி: வெளியே ஒரு நட்சத்திரத்துக்கே தாங்க முடியவில்லை. நீ ஐந்தைக் கொண்டுவந்து தலைக்கு மேலே மாட்டுகிறாய்.

தம்பி: இது பி.எல்.டி.சி. ஃபேன் ஆச்சி.

ஆச்சி: சீட்டுக் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறதே. பணத்தோடு ஓடிவிடாதே?

தம்பி: உள்ளே காந்தம் வைத்த மோட்டார். ஒரு எலெக்ட்ரானிக் போர்டு அதை ஓட்டும். உங்கள் பழைய ஃபேன் 80 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இது 30 வாட். அதே ஓட்டத்துக்கு 27 யூனிட்தான். 45 யூனிட் மிச்சம்.

ஆச்சி: மிச்சம் பிடித்து யாருக்குத் தர? அரசாங்கம்தான் நூறு யூனிட் சும்மா தருகிறதே.

தம்பி: அந்த நூறைத்தான் நீங்கள் முதல் மாதமே தாண்டிவிடுகிறீர்களே!

ஆச்சி: நான் தாண்டுகிறேனா? இவன் போனுக்குப் போடுகிற சார்ஜைச் சொல்லு. நான் ஃபேனை எப்போதும் ஒன்றில்தான் வைப்பேன், கரண்ட் மிச்சமாகட்டும் என்று.

தம்பி: (சுவரைக் காட்டி) இந்தப் பெரிய பெட்டி ரெகுலேட்டரிலா? ஒன்றில் வைத்தால் ஏதோ கொஞ்சம் குறையும். பாக்கியை இந்தப் பெட்டியே சூடாக்கித் தீர்த்துவிடும். தொட்டுப் பார்த்ததில்லையா? வெதுவெதுவென்று இருக்குமே.

ஆச்சி: அதனால்தான் மார்கழியில் ஒரு பல்லிக் குடும்பமே அதன் பின்னால் கிடக்குமா!

தம்பி: அதேதான்.

ஆச்சி: அப்படியானால் இத்தனை வருஷமாக நான் வியர்த்துக்கொண்டு, பல்லிக்குக் குளிர் காயக் கரண்ட் பில் கட்டியிருக்கிறேன்.

(இதற்குத் தம்பி பதில் சொல்லவில்லை. ஆச்சி சுவரை ஒரு பார்வை பார்த்தாள். பல்லி அங்கே இல்லை. இருந்திருந்தால் வாடகை கேட்டிருப்பாள்.)

புது ஃபேனை மாட்ட அரை மணி நேரம் ஆனது. புஷ், போல்ட், பின் எல்லாம் போட்டு, ஒயர் கொடுத்து, தம்பி கீழே இறங்கி சுவிட்சைத் தட்டினான்.

ஆச்சி: ஓடவில்லையே.

தம்பி: ஓடுகிறது ஆச்சி.

ஆச்சி: சத்தத்தைக் காணோமே?

தம்பி: சத்தம் வராது. அதுதான் இதன் சிறப்பு.

ஆச்சி: சத்தம் இல்லாமல் எப்படித் தூங்குவது? அந்த 'கடக் கடக்'கில்தானே இவன் அப்பாவைத் தூங்கவைத்தேன். விருந்தாளி போகாமல் உட்கார்ந்திருந்தால் ஐந்தில் வைப்பேன். பேச்சுக் காதில் விழாது, தானாக எழுந்து போய்விடுவார்கள். இதை வைத்துக்கொண்டு யாரை அனுப்ப முடியும்?

தம்பி: வேகம் கூட்டிப் பாருங்கள். இந்தாருங்கள், ரிமோட்.

ஆச்சி: ஃபேனுக்கு ரிமோட்டா? டிவி ரிமோட்டையே நாளுக்கு நாலு தடவை தேடுகிறோம். இதைத் தேடுவதற்குள் வியர்த்துவிடும். அப்புறம் காற்று எதற்கு? எனக்கு ரெகுலேட்டர் போதும்.

தம்பி: இந்த ஃபேனுக்கு அது ஆகாது. போர்டு கெட்டுவிடும். ரெகுலேட்டரைத் தாண்டி நேர் லைன் கொடுத்துவிட்டேன். கழற்றி எடுத்துவிடட்டுமா?

ஆச்சி: ரெகுலேட்டரை மட்டும் கழற்றாதே! சுவரில் ஓட்டை தெரியும். இருக்கட்டும்.

தம்பி: சரி. இந்தப் பழைய மோட்டாரை நான் கொண்டுபோகட்டுமா?

ஆச்சி: உள்ளே செம்பு இருக்கிறதாமே?

தம்பி: (ஸ்டூலைத் துடைத்தபடி) எரிந்த செம்புதான் ஆச்சி.

ஆச்சி: எரிந்தாலும் செம்பு செம்புதானே? கூலியில் நூறைக் கழித்துக்கொள். கப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்துப் போ.

தம்பி கப்பைக் கழற்றித் தந்தான். ஆச்சி அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே சுவரருகே போய், பழக்கதோஷத்தில் ரெகுலேட்டரைத் திருகினாள். டக், டக். மூன்று. தம்பி என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தான். நான் மூன்றை அமுக்கினேன். காற்று வந்தது.

ஆச்சி: ஆகாது என்றாயே? இதோ கேட்கிறதே!

தம்பி: (செருப்பை மாட்டியபடி) உங்கள் கைராசி ஆச்சி.

அவன் கூலியை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவனுக்கென்ன. இரவு இரண்டு மணி இருக்கும், கூடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தலையணைக்கு அடியில் கையை விட்டேன். அகப்பட்டது டிவி ரிமோட்.