வெந்நீர் ஊற்றுக்கு மழை நாளில் போங்கள்

காட்டுக்குள் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போக, நல்ல வெயில் அடிக்கட்டும் என்று நாள் பார்த்துக் காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மழை நாளில் போங்கள். இடி, சூறைக்காற்று, வெள்ள எச்சரிக்கை என்றால் வீட்டிலேயே இருங்கள், அது வேறு. காலையில் பிடித்து நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டிருக்குமே, அந்த மழையைச் சொல்கிறேன்.

வெட்டுப்படாத பழைய காட்டில் மழை இறங்கும் விதமே வேறு. உச்சிக் கிளைகள் முதலில் அதை வாங்கிக்கொள்கின்றன. அங்கிருந்து இலை இலையாக, பட்டை வழியாக, பாசி வழியாகத்தான் தரைக்கு வருகிறது. வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் ஆயிரம் வயதைத் தாண்டிய சிடார் மரங்கள் இன்னும் நிற்கின்றன. விழுந்து கிடக்கும் மரங்களும் அங்கே சும்மா கிடப்பதில்லை. ஒரு பெரிய மரம் மட்கி முடிய நூறு, இருநூறு வருடம்கூட ஆகும். அதுவரை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் முதுகிலேயே கன்றுகளை வளர்க்கிறது. வெயில் நாளில் பார்த்தால் சுருண்டு மங்கிக் கிடக்கும் பாசி, நனைந்த சில நிமிடங்களில் விரிந்து பச்சை பிடிப்பதை நின்று பாருங்கள். காடு விழித்துக்கொள்வது மழையில்தான்.

சரி, ஊற்றுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலான ஊற்றுகளில் வரும் வெந்நீரே பழைய மழைதான். மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றன. பொதுவாக ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். சூடேறிய நீருக்கு மேலே வர ஒரு நிலப்பிளவு கிடைத்துவிட்டால், ஆறிப்போவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. பக்கத்தில் எரிமலை இருந்தாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளின் நீரை ஆராய்ந்தபோது, அதில் பெரும்பகுதி ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்று தெரியவந்தது. சுமார் 62 டிகிரி சூட்டில் அது வெளிவருகிறது. தலையில் இன்றைய மழை விழ, கழுத்துவரை என்றோ பெய்த மழைக்குள் உட்கார்ந்திருப்பதை விடப் பெரிய பாக்கியம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த நிலத்தடிப் பாதை எத்தனை மென்மையானது என்பதற்குக் கனடாவின் ஹைடா குவாய் தீவுகள் சாட்சி. 2012 அக்டோபரில் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. ஹாட்ஸ்பிரிங் தீவின் ஊற்றுகள் வற்றிப்போயின. மெல்ல மெல்லத் திரும்பி வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

இப்படிப்பட்ட நீரில் சோப்பு போட்டுக் குளிப்பவர்களை நான் பொறுத்துக்கொள்வதில்லை. ‘மக்கும் சோப்பு’ என்று உறையில் எழுதியிருந்தாலும் ஊற்றுக்குள் கூடாது. வெந்நீரில் உயிர்கள் வாழ்கின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றில் நுண்ணுயிர் ஆய்வாளர் தாமஸ் பிராக் கண்டெடுத்து, 1969இல் உலகுக்கு அறிவித்த ஒரு பாக்டீரியாவின் நொதிதான் பிறகு பிசிஆர் சோதனைக்கு அடிப்படையானது. கொரோனா காலத்தில் உலகமே வரிசையில் நின்று எடுத்துக்கொண்ட அதே சோதனை. இன்னும் எந்த ஊற்றில் என்ன இருக்கிறதோ!

போகும் வழியில் சேறு இருந்தால் சேற்றிலேயே மிதித்துப் போங்கள். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் பாதை அகலமாகி, இளங்கன்றுகள் மிதிபடும். பருத்தி உடை நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நல்லது. மாற்று உடையை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். வெந்நீரிலிருந்து எழுந்ததும் குளிர் தெரியாது, பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். தண்ணீரில் இறங்கும் முன் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை மட்டும் முக்க வேண்டாம். மூக்கு வழியாக ஏறினால் உயிரைப் பறிக்கும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் இருக்கலாம். அரிதுதான், ஆனாலும் வேண்டாம்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம், “ஊற்று வரைக்கும் ரோடு போட்டுவிட்டால் எல்லோரும் போகலாமே” என்கிற பேச்சு. முதியவர்களையும் நடக்க முடியாதவர்களையும் நினைத்துச் சொல்பவர்களின் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. கனடாவின் டொஃபினோ பக்கம் ஹாட் ஸ்பிரிங்ஸ் கோவ் என்ற இடத்தில், படகிலிருந்து இறங்கிய பிறகு பழைய மழைக்காட்டின் நடுவே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் மரப்பலகைப் பாதையில் நடக்க வேண்டும். வேர்கள் மிதிபடாமல் காட்டுக்குள் வழி அமைக்க முடியும் என்பதற்கு அது உதாரணம். அப்படிப் பாதைகள் வரட்டும், சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சரிவும் அகலமும் பார்த்துப் போடட்டும், அதற்கு என் முழு ஆதரவு உண்டு. வண்டியிலேயே போய் இறங்கும் ஊற்றுகள் உலகில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. ஆயிரம் வருடத்து மரங்களை வெட்டி இன்னொன்றை அந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.