ஏப்ரலில் வெண்ணிற இரவாம்!

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கான அந்த டூர் போஸ்டரைப் பற்றி மறுபடி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றிலிருந்து இன்பாக்ஸில் நாலு பேர் "ஏன் சார் இந்த வயிற்றெரிச்சல்?" என்று கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

"வசந்தகால பீட்டர்ஸ்பர்க், வெண்ணிற இரவுகளுடன்." 2026 ஏப்ரல் 13 திங்கள் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம். 14 செவ்வாய் அம்பரால் சுவர் இழைத்த அம்பர் அறை. 15 புதன் பீட்டர்ஹாஃப் அரண்மனை நீரூற்றுகள். நான் கீழே போட்டது ஒரே வரி: "திங்கட்கிழமை ஹெர்மிடாஜ் விடுமுறை." அதை அழித்துவிட்டார்கள். இங்கே யாரும் அழிக்க முடியாது, முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அம்பர் அறை இருக்கும் கேத்தரின் அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. பீட்டர்ஹாஃப் நீரூற்றுகளைப் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான் திறந்துவிடுவார்கள். கோலாகலத் திறப்பு விழா மே மாதத்தில். அங்கே பம்ப் கிடையாது. ரோப்ஷா மேட்டிலிருந்து வாய்க்கால், குளம் வழியாக 20 கி.மீ.க்கு மேல் வரும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே சாம்சன் சிலையில் 20 மீட்டர் பீய்ச்சி அடிக்கும். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று தண்ணீரை வடித்து வைத்திருப்பார்கள். ஆக, மூன்று நாளில் மூன்று பூட்டு. நடுராத்திரியிலும் முழுசாக இருட்டாத அந்த வெண்ணிற இரவு தொடங்குவதே மே 25 வாக்கில். தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' கதையைத் தமிழில் படித்துக் கண் கலங்கிய நம் ஊரில் இதைக்கூட ஒருவர் கேட்கவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் தேதி, அப்புறம் டிக்கெட். அந்த ஊர் வசந்தம் ஊட்டி சீசன் மாதிரி ஒரே சீசன் இல்லை. மார்ச்சில் கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டி மாதிரி விழும். விழும் இடத்தில் நாடா கட்டி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கக் கூடாது. ஏப்ரலில் புல் பழுப்பு, மரம் மொட்டை. கோடைத் தோட்டம் என்ற பெரிய பூங்காவை அந்த மாதம் முழுக்கப் பூட்டிக் காயப் போடுவார்கள். ஆமாம், தோட்டத்தைத்தான். பனி உருகி மண் ஊறியிருக்கும்போது மிதித்தால் மண் இறுகி வேர் கெடும். நெவா நதியின் பனி போய்விட்டது என்று சந்தோஷப்படும்போது லடோகா ஏரியின் பனிக்கட்டிகள் மிதந்து வந்து சேரும். வெயில் பளிச்சென்று அடிக்கும், காற்று காதை அறுக்கும்.

மே 1, 9 விடுமுறைகளில் மாஸ்கோவே சப்சான் அதிவேக ரயில் ஏறி அங்கே வந்துவிடும். ஹோட்டல் வாடகையும் ஏறும். மரம் இலை விடுவது ஒன்பதாம் தேதியை ஒட்டித்தான். மே 12 முதல் 24 வரை உள்ள நாட்களைத்தான் நான் சொல்வேன். இரவு ஒன்பதரை, பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறையும், நீரூற்று ஓடும், கூட்டமும் ஜூன் அளவுக்கு இருக்காது. நடுவில் செர்யோமுகா என்ற வெள்ளைப் பூ மரம் பூக்கும்போது சில நாள் திடீர்க் குளிர் வரும். அதற்கு உள்ளூர்க்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள், 'செர்யோமுகா குளிர்' என்று. மே மாதம்தானே என்று ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

"ஏப்ரலில் டிக்கெட் மலிவு சார்." சரி, மலிவுதான். பூட்டிய கேட்டை மலிவாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

"எல்லாம் கூகுளிலேயே இருக்கே?" இருக்கிறது. போஸ்டர் போட்டவர்களும் பார்த்திருக்கலாம்.

"போர் நடக்கும் நாட்டுக்கு ஆள் சேர்க்கிறீர்களா?" இது நியாயமான கேள்வி. போவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். போகிறவர்களுக்கு விளைவுகளைச் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சிலிருந்து நம் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டை எதுவும் அங்கே வேலை செய்யாது. மொத்தச் செலவுக்கும் கசங்காத டாலர், யூரோ நோட்டு கொண்டுபோய் ரூபிளாக மாற்ற வேண்டியதுதான். மொபைல் இணையம் திடீரென்று நிற்கும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுவதும் உண்டு. இணைப்பு விமானத்துக்கு இடைவெளி தாராளமாக விடுங்கள். இந்தியர்களுக்கு இ-விசா உண்டு, ஆனால் அதில் நாள் கணக்கு காலண்டர்படி. இரவு 11.30க்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். இதெல்லாம் அந்த போஸ்டரில் இல்லை. "தினமும் தென்னிந்திய உணவு" மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

உணவு என்றதும் ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் பல உணவகங்களில் 'போஸ்த்னயே மெனு' கிடைக்கும்; இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராது, காளானும் பக்வீட்டும்தான். மீன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சைவக்காரர்களுக்கு ஏப்ரல் செய்யும் ஒரே உபகாரம் இதுதான். 2026இல் அவர்களுடைய ஈஸ்டர் ஏப்ரல் 12. போஸ்டர்காரர்கள் இறங்குவது 13. அதையும் ஒரு நாளில் கோட்டை விட்டாயிற்று.

உண்மையில் எரிச்சல் அழித்ததற்காகக்கூட இல்லை. "ஹெர்மிடாஜ் 2 மணி நேரம்" என்று போட்டிருந்தார்களே, அதற்குத்தான். ரெம்பிராண்டின் 'ஊதாரி மகன்' ஓவியத்தின் முன்னால் நேராக நிற்காதீர்கள், ஜன்னல் வெளிச்சம் வார்னிஷில் அடிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று மகனின் இடது காலைப் பாருங்கள். செருப்பு கழன்று கிடக்கிறது, வெறும் உள்ளங்கால் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அந்தப் பாதத்துக்கே கால் மணி நேரம் வேண்டும் ஐயா! மத்தீஸின் 'நடனம்' ஓவியம் ஹெர்மிடாஜின் முக்கியக் கட்டிடமான குளிர்கால அரண்மனையில் கிடையாது. சதுக்கத்துக்கு எதிரே ஜெனரல் ஸ்டாஃப் கட்டிடத்தில் இருக்கிறது. தெரியாமல் அரண்மனை முழுக்கத் தேடிவிட்டுக் கிளம்பிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அனுமதிச் சீட்டில் நேரம் குறித்திருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். மரீன்ஸ்கி தியேட்டரின் பாலே நடனத்துக்கும் அப்படித்தான்: பழைய அரங்கமா, 2013இல் திறந்த புது அரங்கமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பலரும் புது அரங்கில் உட்கார்ந்துகொண்டு தங்க வேலைப்பாடு எங்கே என்று தேடுகிறார்கள்.

இரவு பதினொரு மணிக்கும் இந்தச் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன ஆள் நான், பைசா வாங்காமல். அதற்குப் பெயர் வயிற்றெரிச்சலாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் கோவிக்காமல் இதைச் செய்யுங்கள். திங்கள் ரஷ்ய அருங்காட்சியகம். அன்று திறந்திருக்கும், ஐவசோவ்ஸ்கியின் 'ஒன்பதாம் அலை' ஓவியம் அங்கேதான். செவ்வாய் ஹெர்மிடாஜ், முழு நாள். புதன் கேத்தரின் அரண்மனை. ஏப்ரல் நடுவில் நதிப் போக்குவரத்து தொடங்கியிருந்தால் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் கப்பல்களுக்காக நெவா பாலங்களைத் தூக்குவார்கள். வேடிக்கை பார்க்கும்போது ஹோட்டல் இருக்கும் கரையிலேயே நில்லுங்கள், இல்லையென்றால் ஐந்து மணி வரை குளிரில்தான். பீட்டர்ஹாஃப் நீரூற்றுக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பிக் கேளுங்கள்.