தமிழ் இலக்கியம் நீக்கப்படவில்லை

"ஐ.ஏ.எஸ். தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலிலிருந்து தமிழ் இலக்கியம் நீக்கம். இனி இந்தி, ஆங்கிலம் மட்டுமே" என்ற செய்தி சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் சில நாட்களாகச் சுற்றுகிறது. இது தவறு.

ஐ.ஏ.எஸ். பணிக்காக யு.பி.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களில் தமிழ் இலக்கியம் இருக்கிறது. தெலுங்கு, மலையாளம், சந்தாலி, போடோ என அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலமும் சேர்ந்து 23 மொழி இலக்கியங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு தாள்கள், தலா 250 மதிப்பெண். கல்லூரியில் தமிழ் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 300 மதிப்பெண்ணுக்கான இந்திய மொழித் தகுதித்தாளையும் தமிழில் எழுதலாம். அதில் 25 விழுக்காடு எடுத்தால் போதும், தரவரிசைக்கு அது சேராது. கட்டுரை, பொது அறிவுத் தாள்களுக்கும் தமிழில் விடையளிக்கலாம்.

குழப்பம் முதல்நிலைத் தேர்விலிருந்து வந்திருக்கலாம். அதன் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. அது நியாயமா என்று கேட்பது வேறு விவாதம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கும் விருப்பப் பாடத்துக்கும் தொடர்பில்லை.

ஏற்காட்டிலிருந்து மலைப்பாதையில் பஸ் பிடித்துச் சேலம் நூலகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகள், இப்படி ஒரு வரியைப் பார்த்து மாதக்கணக்கில் படித்த பாடத்தைக் கைவிடக் கூடாது என்பதே என் கவலை. ஐயம் இருந்தால் யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் இந்த ஆண்டின் அறிவிக்கையைத் திறந்து, விருப்பப் பாடப் பட்டியலைப் பாருங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் இடுங்கள்.