அந்த அக்காவின் போனுக்கு என்ன குறைச்சல்?

முந்தாநாள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. வடசென்னை எண்ணூர்க்கார அக்கா ஒருவர் அங்குள்ள கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குழம்பு ஓடுவதைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மேடையில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "இதெல்லாம் வாட்ஸ்அப் வீடியோம்மா, சயின்டிஃபிக் டேட்டா இருந்தா கொண்டுவாங்க" என்றார். முன்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் ஆறவில்லை.

அதே மேடையில், அரை மணி நேரம் முன்னால், "விளிம்புநிலை மக்களின் கையில் தொழில்நுட்பம்" என்று ஒரு ஸ்லைடு ஓடியது. கைதட்டினார்கள். தொழில்நுட்பம் ஸ்லைடில் இருந்தால் அதிகாரமளித்தல், குப்பத்துக்காரர் கையில் இருந்தால் வாட்ஸ்அப். சரிதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்த மக்கள் ஆசைப்பட்டுப் போனைத் தூக்கவில்லை. வாயால் சொன்னதை யாரும் நம்பவில்லை, அதனால் தூக்கினார்கள். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றில் இறால் குறைந்துவிட்டது, சேறு இருந்த இடத்தில் சாம்பல் இருக்கிறது, வலையில் கரி ஒட்டுகிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தார்கள். ஆதாரம் கேட்டீர்கள். தேதி, நேரம், ஜிபிஎஸ் எல்லாம் விழுகிற மாதிரி படம் எடுத்து வந்தார்கள். இப்போது அதுவும் ஆதாரம் இல்லை. அப்புறம் எதுதான் ஆதாரம்?

"வீடியோவை எடிட் பண்ணலாமே" என்று ஒருவர் கீழே கேட்பார், தெரியும். பண்ணலாம். வரைபடத்தையும் பண்ணலாம். கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று பார்க்க உதவும் கடலோர மண்டல வரைபடம் ஒன்றுக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. பின்னால் தகவல் அறியும் சட்டத்தில் வெளியே வந்த இன்னொரு வரைபடத்தில் அதைக் காணோம். ஆயிரக்கணக்கான ஏக்கர் தண்ணீர், காகிதத்தில் காணாமல் போனது. அதைக் கண்டுபிடிக்க மீனவருக்கு லேப் வேண்டியிருக்கவில்லை. படகு போகிற இடத்தைத் தரை என்று எழுதியிருந்தால் அவருக்குத் தெரியாதா? நமக்குத்தான் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டிக் காட்டவேண்டியிருக்கிறது. மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு கொடுத்தால் நீதிமன்றமே ஏற்கும், சாட்சியச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. நீதிபதிக்குப் போதுமானது மேடைக்குப் போதவில்லை.

எங்கள் அத்தை வீடு எண்ணூர்ச் சின்னக்குப்பத்துக்குப் பக்கம். 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்ததே, அன்று நள்ளிரவில் அத்தை போன் செய்தார். கண் எரியுது, மூச்சு முட்டுது, எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியலை என்றார். சைரன் எதுவும் கேட்கவில்லையாம். தெருப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவைக் கேட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். வரம்பு 400. அதாவது அத்தையின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, சார்.

அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்ததும் அப்படித்தான். கறுத்துப்போன படகுகளையும், எண்ணெயை பக்கெட்டில் அள்ளும் கைகளையும் முதலில் உலகத்துக்குக் காட்டியவை அங்கிருந்தவர்களின் போன்கள்.

"அப்படியானால் அறிவியலே வேண்டாமா?" யார் சொன்னது? கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 வாக்கிலேயே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையைப் பொருத்தி, நாற்றம் வரும் நேரம் பார்த்துக் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் வரவழைக்கக்கூடிய வேதிப்பொருட்கள் வரை அதில் இருந்தது தெரியவந்தது. நாற்றத்தை நோட்டுப் போட்டு எழுதிவைத்தார்கள், எந்த நேரம், எந்தப் பக்கக் காற்று, கண் எரிந்ததா, தொண்டை கமறியதா என்று. அது டேட்டா இல்லையென்றால் வேறு எது டேட்டா?

பழைய வீடியோவைப் புதிது என்று பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள், உண்மைதான். தேதியைச் சரிபாருங்கள், முடிந்தது. "நீ மட்டும் கரண்ட் இல்லாமலா போஸ்ட் போடுகிறாய்?" என்பவருக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று இல்லை. கரண்ட் எனக்கு வருகிறது, சாம்பல் அவர்களுக்குப் போகிறது. அதைத்தானே சொல்கிறோம்.

இன்னொன்று. பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் கருவி பொருத்தி, அந்த அளவுகள் இணையம் வழியாக வாரியத்துக்கு நேரடியாகப் போகின்றன. நல்ல ஏற்பாடு. அந்த அளவுகள் ஓடும் திரையை எண்ணூர்க் காட்டுக்குப்பம் டீக்கடையில் ஒன்று மாட்டுங்களேன், தமிழில். மாட்டமாட்டீர்கள். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் வேண்டியிருந்தது. ஆங்கிலப் பிடிஎஃப்பில் எல்லாம் பத்திரமாக இருக்கும். படிக்கத் தெரியாதவன் குற்றவாளி. படம் எடுத்துக் காட்டினாலும் குற்றவாளி.

அப்புறம், கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு இளைஞர்கள் அந்த அக்காவிடம் "உங்களுக்காக ஒரு ஆப் செய்கிறோம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், கோபமில்லை. ஆனால் தம்பிகளா, அவர் புகாரை எங்கே பதிவு செய்வது என்று தெரியாமல் திண்டாடவில்லை. பதிவு செய்த புகாருக்கு யாரும் பதில் அனுப்பவில்லை. அதற்கு ஆப் எதற்கு? அங்கே உட்கார்ந்து பதில் எழுத ஒரு ஆளைப் போடச் சொல்லுங்கள். அந்தப் பெரியவரிடமே சொல்லுங்கள், உங்களைப் பார்த்து அவர் சிரிக்கமாட்டார்.