பால்டன் கியாட்சோ: ஆண்டுகளைச் சரிபார்க்கலாமே

'திபெத்தியத் துறவி பால்டன் கியாட்சோ சொன்ன சித்திரவதையெல்லாம் மாவோ காலத்தோடு முடிந்த கதை, அதற்கு ஆதாரமும் கிடையாது' என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பால்டன் முதலில் கைதானது, சீன ஆட்சியை எதிர்த்துத் திபெத்தின் தலைநகர் லாசாவில் 1959இல் நடந்த எழுச்சியை ஒட்டித்தான். அது மாவோ காலமே. ஆனால் மாவோ இறந்தது 1976இல். திபெத்தின் விடுதலை கோரிச் சுவரொட்டி ஒட்டியதற்காக இவரை மறுபடி சிறையில் தள்ளியது 1983இல். லாசாவின் டிராப்சி சிறையில் இவர் வாய்க்குள் மின்தடியை (மின் அதிர்ச்சி கொடுக்கும் தடி) திணித்தது 1990இல்! மாவோவுக்குப் பின் வந்த சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கின் சீர்திருத்தம் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மயங்கி விழுந்தவர் கண் விழித்தபோது இரத்தத்தில் கிடந்தார். பற்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

ஆதாரமா? 33 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர் 1992இல் விடுதலையானதும் நேபாளம் வழியாக இந்தியாவுக்குத் தப்பி வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. லஞ்சம் கொடுத்து வாங்கிய மின்தடி, கைவிலங்கு போன்ற சித்திரவதைக் கருவிகளையும் கொண்டுவந்தார். 1995இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். சீன அரசின் திபெத் கொள்கையை ஆதரித்து வாதாட நண்பருக்கு முழு உரிமை உண்டு. 1990ஐ மாவோவின் கணக்கில் எழுத மட்டும் வழியில்லை.